சமாரியா மலையிடுக்கில் ஒரு நாள் நடை: முதன்முறை போகிறவர்களுக்கு

கிரேக்கத்தின் கிரீட் தீவில், வெள்ளை மலைகளைப் பிளந்துகொண்டு தெற்கே லிபியக் கடல்வரை இறங்குகிறது சமாரியா மலையிடுக்கு. சுமார் 16 கிலோமீட்டர் நடை, பெரும்பாலும் இறக்கம். “இறக்கம்தானே, இதுல என்ன இருக்கு?” என்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், கொஞ்சம் நின்றால் சரியாகிவிடும். இறக்கத்தில் வாங்குவது முழங்கால். அது நின்றாலும் விடாது.

படி 1: நாள் பார்ப்பது
இந்த மலையிடுக்கு ஒரு தேசியப் பூங்கா. பொதுவாக மே தொடக்கத்திலிருந்து அக்டோபர் கடைசிவரை திறந்திருக்கும். மழை, கடும் வெயில் என்றால் இடையிலும் மூடிவிடுவார்கள். முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் வெயிலும் சேர்ந்து வாட்டும். என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசி.

படி 2: திரும்பி வரும் வழி
வாடகைக் கார் வேண்டாம். நடை தொடங்குவது ஓமலோஸ் மேட்டுநிலத்தில், முடிவது அயியா ரூமெலி என்ற கடலோரக் கிராமத்தில். அங்கே சாலையே கிடையாது. படகில் சூயாவுக்கோ ஹோரா ஸ்ஃபாகியோனுக்கோ போய், அங்கிருந்து பஸ் பிடித்து ஹானியா நகரத்துக்கு வர வேண்டும். ஆக, உங்கள் கடிகாரம் மாலைப் படகுதான். அதன் நேரத்தை முதலில் பார்த்துக்கொண்டு, ஹானியாவிலிருந்து காலையில் முதல் பஸ்ஸில் கிளம்புங்கள். நடக்க மட்டும் ஐந்து முதல் ஏழு மணி நேரம் வையுங்கள்.

படி 3: காலும் பையும்
முந்தின நாள் கால் நகங்களை ஒட்ட வெட்டுங்கள். சாதாரண விஷயமாகத் தெரியும். ஆனால் மணிக்கணக்கில் விரல் ஷூவின் முனையில் இடித்தால் நகம் கறுத்துவிடும். ஷூ கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கி, விரல் பக்கம் தளர்த்திக் கட்டுங்கள். சரிவில் நின்று பாருங்கள், விரல் முன்னால் இடித்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள்.

வழியில் ஊற்றுநீர்க் குழாய்கள் இருப்பதால் ஒரு லிட்டர் பாட்டில் போதும், நிரப்பிக்கொண்டே போகலாம். உள்ளே கடை இல்லை. புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் தப்பேயில்லை.

படி 4: முதல் மூன்று கிலோமீட்டர்
ஓமலோஸில் உள்ள க்சிலோஸ்காலோ நுழைவாயில் சுமார் 1,230 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பாதை வளைந்து வளைந்து சடசடவென இறங்கும். பலர் நடந்து தேய்ந்த கற்கள் வழுக்கும். எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக, முழங்காலை லேசாக மடக்கியே இறங்குங்கள். கைத்தடியைச் சமதரையில் பிடிப்பதைவிடக் கொஞ்சம் நீளமாக்குங்கள். பின்னால் வருகிறவர் அவசரப்பட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள். காலைக் குளிரில் உற்சாகமாக ஓடி இறங்கியவர்கள்தான் மதியம் நொண்டுவார்கள்.

படி 5: பழைய சமாரியா கிராமம்
ஏறக்குறைய பாதி வழி. 1962-இல் தேசியப் பூங்கா ஆனபோது மக்கள் வெளியேறிய ஊர். உட்கார்ந்து சாப்பிட்டு, காலுறையைக் கழற்றி உலர விடுங்கள். கிரி-கிரி என்ற காட்டு ஆடு பக்கத்தில் வந்து நிற்கலாம், எதுவும் கொடுக்காதீர்கள். இங்கே கால் பிசகினால் தூக்கிப் போகக் கோவேறு கழுதைதான்.

படி 6: இரும்புக் கதவுகள்
இதற்கப்புறம் ஓடைப் படுகை, உருளும் கூழாங்கற்கள். பாறைச் சுவர்கள் நெருங்கி நெருங்கி ஓரிடத்தில் நான்கு மீட்டருக்கும் குறைவான இடைவெளிதான். அந்த இடத்துக்குத்தான் இரும்புக் கதவுகள் என்று பெயர். சுவர்களின் உயரமோ சுமார் 300 மீட்டர். கல் விழும் என்று எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் படம் எடுக்க நிற்காதீர்கள். மேலே ஆடு நடந்தாலும் கல் உருளும். ஓடையில் குளிக்கத் தடை.

படி 7: வெளியே
நுழைவுச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வாசலில் கேட்பார்கள். உள்ளே யாரும் மாட்டிக்கொள்ளவில்லை என்று அதை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். கடற்கரைக்கு இன்னும் சில கிலோமீட்டர், நிழலே இல்லாமல். போனதும் முதலில் படகு டிக்கெட், அப்புறம் கடல் குளியல்.

முழங்கால் வலி உள்ளவர்களும் சின்னக் குழந்தைகளோடு வருபவர்களும் படகில் நேரே அயியா ரூமெலிக்கு வந்து, இரும்புக் கதவுகள்வரை ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். முழு நடை போகிறவர்கள் ஹானியாவில் அறை எடுக்கும்போதே தரைத்தளத்தில் கேட்டு வாங்குங்கள். மறுநாள் மாடிப்படி இறங்குவது பெரும்பாடு.