வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறீர்களா? குறைந்த வாடகையில் நல்ல லாட்ஜ் பிடிப்பது எப்படி

"சித்தப்பாவை சி.எம்.சி.ல காட்டணும்டா, பக்கத்துல ஒரு ரூம் பாத்து வையேன்." போளூரிலிருந்தோ செய்யாறிலிருந்தோ மாதத்துக்கு ஒரு தடவையாவது எனக்கு இப்படி ஒரு போன் வந்துவிடும். வேலூரில் குடியிருக்கும் எல்லோருக்கும் வரும். சி.எம்.சி. என்பது இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. இதுவரை லாட்ஜில் தங்கியே பழக்கமில்லாதவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை இங்கே வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். ரூம் உங்களுக்காக இல்லை, நோயாளிக்காக. அவர் எவ்வளவு தூரம் நடப்பார், எத்தனை படி ஏறுவார், ராத்திரி எத்தனை தடவை பாத்ரூம் போவார்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு வாடகையைப் பாருங்கள்.

படி 1: தேதிச் சீட்டில் எந்த வளாகம் என்று படியுங்கள்

இதைப் படிக்காமல் வந்து திண்டாடுகிறவர்கள் நிறைய. சி.எம்.சி. என்றால் ஒரே இடம் இல்லை. ஊருக்கு நடுவில் ஐடா ஸ்கடர் சாலையில் இருப்பது பழைய ஆஸ்பத்திரி. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியது வளர்ந்து வந்த இடம் அது. கண் வைத்தியத்துக்கு ஆரணி ரோட்டில் ஷெல் ஆஸ்பத்திரி. மனநல மையம் ஊரின் தெற்கே பாகாயத்தில். இவை போக, 2022இல் திறந்த ராணிப்பேட்டை வளாகம் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல். சீட்டில் ராணிப்பேட்டை என்று போட்டிருக்க, நீங்கள் பாபு ராவ் தெருவில் ரூம் எடுத்தால் தினமும் ஆட்டோவுக்கே ஒரு வாடகை அழ வேண்டிவரும். ராணிப்பேட்டைக்கு என்றால் சத்துவாச்சாரி பக்கம் பாருங்கள், நெடுஞ்சாலை ஓரம்தான்.

படி 2: எந்தத் தெரு?

பழைய ஆஸ்பத்திரிக்கு என்றால், வாசலுக்கு எதிரே மெயின் ரோட்டில் வாடகை கூட, ஹாரன் சத்தமும் கூட. அதே ரோட்டை விட்டு இரண்டு தெரு உள்ளே போனால், பாபு ராவ் தெரு, காந்தி ரோடு பக்கமெல்லாம், வரிசையாக லாட்ஜ்தான். பெயர்ப்பலகையில் தமிழோடு வங்காளமும் இந்தியும் இருக்கும். அவ்வளவு தூரத்திலிருந்தும் இங்கே வருகிறார்கள். நடக்கக்கூடிய நோயாளி என்றால் இந்த உள்தெருக்கள்தான் என் தேர்வு. காகிதப்பட்டறை, தோட்டப்பாளையம் பக்கம் இன்னும் கொஞ்சம் அமைதி, ஆனால் காலையில் ஆட்டோ தேவைப்படும். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு விடிந்ததும் போய் நிற்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் ஐந்து நிமிட நடைக்கும் அரை மணி அலைச்சலுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

படி 3: கிளம்புமுன் போன் போட்டுக் கேளுங்கள்

ஆன்லைனில் இருக்கும் படத்தையும் நட்சத்திரத்தையும் நம்பி முழுப் பணம் கட்டாதீர்கள். நம்பரை எடுத்து நேராகப் பேசுங்கள். இப்படி:

"அண்ணா, டபுள் ரூம் இன்னா ரேட்டு? வரி சேத்தா, சேக்காமயா?"

"24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா?"

"கீழ் மாடியில ரூம் இருக்கா? வெஸ்டர்ன் டாய்லெட்டா?"

"கரண்ட் போனா ஜெனரேட்டர்ல லிஃப்ட் ஓடுமா?"

இரண்டாவது கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். ரயிலில் வருகிறவர்கள் பலர் விடியற்காலையில் காட்பாடி ஜங்ஷனில் இறங்குவார்கள். 5 மணிக்கு ரூம் போடுகிறீர்கள். 24 மணி நேரக் கணக்கு என்றால் மறுநாள் 5 மணி வரை ஒரு நாள். பகல் 12 மணிக் கணக்கு என்றால் ஏழே மணி நேரத்தில் ஒரு நாள் முடிந்து அடுத்த நாள் வாடகை ஓட ஆரம்பித்துவிடும். 700 ரூபாய் ரூம் மலிவா, 800 ரூபாய் ரூம் மலிவா என்பது இதை வைத்து மாறிப்போகும்.

நான்காவது கேள்வி என் அனுபவத்தில் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் பெரியப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து, தையல் பிரிக்கும் வரை ஊரிலேயே தங்கச் சொன்னார்கள். ஒரு லாட்ஜில் மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டா என்று கேட்டேன், உண்டு என்றார்கள். ஜெனரேட்டரில் லைட்டும் ஃபேனும் மட்டும்தான் ஓடும் என்பதை யாரும் சொல்லவில்லை. டாக்டரைப் பார்க்கப் போக வேண்டிய அன்று காலை கரண்ட் இல்லை. 54 படி. ஒவ்வொரு திருப்பத்திலும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்து, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவர் இறங்கியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதல் மாடிக்கு மேல் வேண்டாம் என்கிறேன். வாடகை 100 ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

கோடையில் வருகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. அக்னி நட்சத்திர நாட்களில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மொட்டைமாடிக்கு நேர்கீழே இருக்கும் ரூம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கொதிக்கும்.

படி 4: வந்து இறங்கியதும்

காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி ஊருக்குள் வர வேண்டும். பாகாயம் போகும் டவுன் பஸ் சி.எம்.சி. வழியாகத்தான் போகும். ஆட்டோ என்றால் லாட்ஜ் பெயரைச் சொல்லி ஏறுங்கள். "நல்ல ரூம் நான் காட்டறேன்" என்று யார் அழைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அழைத்துப் போகிறவருக்கு லாட்ஜ் கொடுக்கும் கமிஷன் உங்கள் வாடகையில்தான் ஏறும். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடமும் பேச்சே வேண்டாம். ஆஸ்பத்திரி கவுன்டரிலோ அவர்களுடைய இணையதளத்திலோதான் அது கிடைக்கும்.

படி 5: ரூமைப் பார்க்காமல் பணம் எடுக்காதீர்கள்

"ரூம் பாக்கலாமா?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். காட்டமாட்டேன் என்கிற இடத்தில் தங்காதீர்கள். நோயாளியை ரிசப்ஷனில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏறிப் பாருங்கள். பத்து நிமிடம் போதும்.

நேராக பாத்ரூமுக்குப் போங்கள். பல லாட்ஜ்களில் பாத்ரூம் தரை ரூம் தரையைவிட அரை அடி உயரமாக இருக்கும். தூக்கக் கலக்கத்தில் வயதானவர்கள் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். படி இருந்தால் அதன் பக்கத்தில் பிடிக்க ஏதாவது இருக்கிறதா பாருங்கள். டைல்ஸைக் காலால் தேய்த்துப் பாருங்கள், வழுக்குகிறதா என்று. குழாயைத் திறந்து ஒரு நிமிடம் ஓட விடுங்கள். பல இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். குளிக்கப் பரவாயில்லை, குடிக்கக் கேன் தண்ணீர் என்ன விலை என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுடுதண்ணீர் எந்நேரமும் வருமா, காலையில் மட்டுமா? கதவு உள்ளே தாழ் போட்டால் வெளியிலிருந்து திறக்க வழி உண்டா?

அடுத்து கட்டில். விரிப்பைப் பார்த்தால் போதாது. மெத்தையின் ஒரு மூலையைத் தூக்குங்கள். செல்போன் டார்ச்சை அடித்துத் தையல் மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. கட்டில் பலகை சேரும் இடுக்கிலும் அதே புள்ளி இருக்கும். ரூம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பை வழியாக அது உங்கள் வீட்டுக்கே வந்துவிடும்.

ஜன்னல் திறக்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா, சார்ஜர் போடும் இடம் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் ஒரு பார்வையில் முடிந்துவிடும்.

படி 6: சமையல்

நோயாளிக்குக் கஞ்சி, குழைந்த சாதம், உப்பில்லாத ரசம் என்று பத்தியம் சொல்லியிருந்தால் ஹோட்டலில் அது கிடைக்காது. இங்கே அடுப்படியோடு ரூம் கொடுக்கும் லாட்ஜ்கள் உண்டு. சில இடங்களில் பாத்திரமும் கேஸ் அடுப்பும் வாடகைக்குத் தருவார்கள். மூன்று நாளுக்கு மேல் தங்குவதானால் கட்டாயம் இதைக் கேளுங்கள். ஆனால் அடுப்படி இல்லாத ரூமில் ரகசியமாக ஸ்டவ் பற்றவைக்காதீர்கள். ஒற்றை மாடிப்படி உள்ள கட்டடத்தில் தீ பிடித்தால், நடக்க முடியாத நோயாளிகள் எத்தனை பேர் மேலே இருப்பார்கள் என்று யோசியுங்கள்.

படி 7: பணம்

ஆதார் நகல் இரண்டு கையில் வைத்திருங்கள். முதலில் ஒரு நாளைக்கு மட்டும் கட்டுங்கள். முதல் ராத்திரி கழிந்தால்தான் சத்தம், கொசு, தண்ணீர் எல்லாம் தெரியும். இரண்டு நாள் என்று வந்தவர்கள் ஸ்கேன், ரிசல்ட், மறுபடி டாக்டர் என்று ஒரு வாரம் இருப்பது இங்கே சாதாரணம். ஆகவே மறுநாள் காலை போய், "ஒரு வாரம் இருந்தா எவ்ளோ கொறைப்பீங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் குறைப்பார்கள்.

வரி விஷயம்: 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். முன்பு 12 இருந்தது. 800 ரூபாய் ரூமுக்கு 40 ரூபாய்தான். பழைய கணக்கில் 96 கேட்டால் பில் கேளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவே இல்லாத சின்ன லாட்ஜ் வரி என்று தனியாக வாங்கக் கூடாது.

ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் சாயங்காலங்களில் துணைக்கு வந்தவர்கள் ரூமிலேயே அடைந்து கிடக்காதீர்கள். கோட்டை பக்கத்தில்தான். அகழி ஓரம் நடந்து, உள்ளே ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் கொஞ்சம் மூச்சுவிட இடம் வேண்டும்.

படி 8: காலி செய்யும்போது

அன்று சாயங்காலம்தான் ரயில் என்றால், பையை மட்டும் ரிசப்ஷனில் வைத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். நிறைய இடங்களில் சம்மதிப்பார்கள், அரை நாள் வாடகை மிச்சம். ஃப்ரிட்ஜில் கொடுத்துவைத்த இன்சுலினை வாங்கிக்கொள்ளுங்கள். மடங்காமல் இருக்க எக்ஸ்ரே, ஸ்கேன் கவரையெல்லாம் மெத்தைக்கு அடியில் வைப்பது எல்லோருக்கும் வழக்கம். பெரியப்பாவின் ஸ்கேன் கவருக்காகத் திருவண்ணாமலை பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்திருக்கிறேன். சாவியைக் கொடுக்குமுன் மெத்தையை இன்னொரு முறை தூக்கிப் பாருங்கள்.