கவ்பாய் ஷூட்டிங்: லீவர் ரைஃபிளுக்குத் தோட்டா எடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சஸில் கவ்பாய் ஆக்‌ஷன் மேட்சுக்குப் புதிதாக வருகிறவர்கள் தொப்பிக்கும் பூட்ஸுக்கும் மெனக்கெடுகிற அளவுக்குத் தோட்டாவுக்கு மெனக்கெடுவதில்லை. இந்த வருடம் வந்த புதியவர்களும் நாங்கள் எல்லாம் ஒரு காலத்தில் செய்த அதே கூத்தைத்தான் செய்கிறார்கள். காதடைப்பு, கண்ணாடி, பேரல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் ரேஞ்சில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். ரைஃபிளும் தோட்டாவும் ஒத்துப்போகிற விஷயத்தைத்தான் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: இரண்டு ரிவால்வர், ஒரு லீவர் ரைஃபிள், ஒரு ஷாட்கன், எல்லாம் பழைய மேற்கத்திய பாணியில். 1980களின் தொடக்கத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்த விளையாட்டு. 1987இல் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி அமைந்தது. பெரும்பாலும் ரைஃபிளில் 10 தோட்டா. இலக்கு இரும்புத் தகடு, தூரமும் குறைவு. ஒவ்வொரு தவறலுக்கும் சுட்டு முடித்த நேரத்தோடு 5 நொடி கூடும்.

வீட்டில் .30-30 இருக்கிறதே என்று கிளம்புவது

.30-30 என்பது வேட்டை ரைஃபிள் தோட்டா; முதன்மை மேட்சில் செல்லாது. ரைஃபிளும் ரிவால்வர் தோட்டாவில்தான் சுட வேண்டும்.

செப்பு உறை போட்ட குண்டு

ஈயம் மட்டும்தான். உறைத் துணுக்கு தகட்டில் பட்டுத் திரும்பி வந்தால் யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது.

தோட்டாவின் நீளத்தைப் பார்க்காமல் விடுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

போட்டியில் அதிகம் பார்க்கிற ரைஃபிள் 1873 வின்செஸ்டரின் இத்தாலிய நகல். அதன் உள்ளே கேரியர் என்று ஒரு பித்தளைக் கட்டை உண்டு. பேரலுக்குக் கீழே ஓடும் குழாயிலிருந்து ஸ்பிரிங் ஒரு தோட்டாவை அந்தக் கட்டைக்குள் பின்னோக்கித் தள்ளும். லீவரை இறக்கினால் கட்டை லிஃப்ட் போல நேராக மேலே போகும். லீவரை மூடும்போது போல்ட் அந்தத் தோட்டாவைச் சேம்பருக்குள் (பேரலின் பின்முனையில் தோட்டா வெடிக்கிற அறை) தள்ளும். இதில் கவனிக்க வேண்டியது, குழாயில் காத்திருக்கும் அடுத்த தோட்டாவைத் தடுத்து நிறுத்தத் தனியாக ஒரு உறுப்பும் இல்லை. கட்டைக்குள் படுத்திருக்கும் தோட்டாவேதான் தடுப்பு.

ஆக, அந்தத் தோட்டா நீளமாக இருந்தால் அதன் மூக்கு குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும்; கட்டை எழும்பாது. குட்டையாக இருந்தால் அடுத்த தோட்டாவின் விளிம்பு கட்டைக்குள் தலையை நுழைக்கும்; எழும்புகிற கட்டை அதில் முட்டி நிற்கும். கொஞ்சம்தான் நுழைந்தது என்றால் கட்டையின் சரிவான முனை அதைத் திருப்பித் தள்ளிவிடும். அதற்கு மேல் போனால் லீவர் பாதியில் நின்றுவிடும். டைமர் பாட்டுக்கு ஓடும். சுடாத ஏழு தோட்டாவுக்கு 35 நொடி தலையில் ஏறும்.

எங்கள் பக்கம் ஒரு தமிழ்ப் பையன், புத்தம்புது .357 ரைஃபிளோடு வந்தான். முதல் குண்டு போகும், இரண்டாவதில் சிக்கும். "அண்ணே, மெக்கானிசத்துல ஏதோ கோளாறு" என்றான். ஒரு ரிப்பேர்காரர் ஸ்பிரிங் மாற்றினார். அப்புறம் லீவரின் வீச்சைக் குறைக்கிற உதிரிபாக செட். நானூறு டாலருக்கு மேல் போனது, சிக்கல் போகவில்லை. அவனுடைய தோட்டாவை வாங்கி வெர்னியரில் வைத்துப் பார்த்தால் மொத்த நீளம் 1.4 அங்குலம்கூட இல்லை. உதை குறையட்டும் என்று 105 கிரெயின் (குண்டின் எடை அலகு) குண்டை .38 ஸ்பெஷல் பித்தளைக் கூட்டில் ஆழமாக இறக்கி ரீலோடு செய்திருக்கிறான், அதாவது காலிக் கூட்டில் வீட்டிலேயே மருந்தும் குண்டும் நிரப்பியிருக்கிறான். "தம்பி, இதை முதலில் அளந்தாயா?" என்றேன். "கடையில் .38, .357 எது போட்டாலும் ஓடும்னு சொன்னாங்களே" என்றான்.

கடைக்காரர்கள் சொல்கிற இந்தப் பாதி உண்மைதான் காசைத் தின்கிறது. .357 சேம்பரில் .38 வெடிக்கும், அதில் சந்தேகமில்லை. கட்டை அதைத் தூக்குமா என்பது வேறு கேள்வி. கூடு எந்த ரகம் என்று கேரியருக்குத் தெரியாது; குண்டின் மூக்கிலிருந்து கூட்டின் அடிவரை உள்ள மொத்த நீளம் மட்டும்தான் அதற்குக் கணக்கு. .38 ஸ்பெஷலின் உச்ச நீளம் 1.55 அங்குலம், .357இன் உச்சம் 1.59. நான் பார்த்த 1873களில் பெரும்பாலானவை 1.45க்கும் 1.55க்கும் இடையில் முணுமுணுக்காமல் ஓடுகின்றன. அந்தப் பையன் 125 கிரெயின் குண்டுக்கு மாறினான், சிக்கல் அன்றோடு தீர்ந்தது. பழைய ஸ்பிரிங்கை இன்னும் டப்பாவில் வைத்திருக்கிறான்.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. மருந்தும் பிரைமரும் (கூட்டின் அடியில், குத்தினால் தீப்பற்றும் சிறு மூடி) இல்லாத டம்மி தோட்டா ஐந்தாறு செய்து, குழாயில் நிரப்பி, லீவரை மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டிப் பாருங்கள். எல்லாம் சரளமாகப் போன பிறகு ஆயிரக்கணக்கில் ரீலோடு செய்யலாம். கூட்டின் வாயைக் குண்டைச் சுற்றிச் சரியாக உள்மடித்து இறுக்குவதும் முக்கியம். இல்லையென்றால் குழாயின் ஸ்பிரிங்கும் உதையும் சேர்ந்து குண்டைக் கூட்டுக்குள் தள்ளி, நீங்கள் அளந்த நீளத்தை அர்த்தமில்லாமல் ஆக்கிவிடும்.

வின்செஸ்டர் 1892, மார்லின் 1894 ஆகிய மற்ற லீவர் ரைஃபிள்களில் அமைப்பு வேறு. அவற்றுக்கும் பிடித்த நீளம் என்று ஒன்று உண்டு. அங்கேயும் டம்மியை ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

".45 கோல்ட்தான் அசல்" என்ற நினைப்பு

ரிவால்வரில் அசல்தான். ரைஃபிளில் இல்லை. 1873 வின்செஸ்டர் வெளிவந்தது .44-40இல், பிறகு .38-40, .32-20 சேர்ந்தன. அந்தக் காலத்து 1873 எதுவும் .45 கோல்ட்டில் வரவில்லை. பழைய .45 கூட்டின் விளிம்பு மிகச் சிறியது. ரிவால்வரில் கம்பியால் தள்ளி எடுத்துவிடலாம், ரைஃபிளில் காலிக் கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கிக்குப் பிடிமானம் போதாது. இன்றைய கூடுகளில் விளிம்பு பெரிதாகிவிட்டதால் நகல்கள் .45இல் தாராளமாகக் கிடைக்கின்றன.

ஆனால் சிறு தொல்லை ஒன்று பாக்கி. .45 கூடு தடிமன். மருந்தைக் குறைத்துப் போட்டால் கூடு விரிந்து சேம்பர் சுவரை அடைக்காது. புகையும் கரியும் பின்பக்கம் வந்து மெக்கானிசத்தில் படியும், சில நேரம் முகத்திலும். .44-40இன் கழுத்து மெல்லியது, அழகாக அடைத்துக்கொள்ளும். கரும்பொடி (பழைய காலத்துப் புகை கக்கும் மருந்து) சுடுகிறவர்கள் அதை விடமாட்டேன் என்பதற்கு இதுதான் காரணம். பதிலுக்கு ரீலோடிங்கில் படுத்தும்: கூட்டுக்கு மசகு போட வேண்டும், அவசரப்பட்டால் கழுத்து நசுங்கும். முதல் ரைஃபிள் என்றால் .357 வாங்கி .38 சுடுங்கள் என்பேன். விலை குறைவு, உதை குறைவு, கூடு எங்கும் கிடைக்கும்.

பலமான லோடு போட்டால் மதிப்பு என்று நினைப்பது

தகடு "டங்" என்றால் போதும். விதிப்படி பவர் ஃபேக்டர் (குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தது) 60ஐத் தாண்டினால் சரி; 125 கிரெயின் குண்டு நொடிக்கு 750 அடி வேகத்தில் போனாலே 93க்கு மேல் வந்துவிடுகிறது. ரைஃபிளுக்கு 1400 அடி உச்ச வரம்பு. 1873இல் போல்ட்டைப் பூட்டுகிற, முழங்கால் மாதிரி மடங்கும் இணைப்பு பலவீனமானது. +P (கூடுதல் அழுத்தம்) என்று எழுதிய .45 பெட்டியை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பலமாகத்தான் சுடுவேன் என்றால் பிரௌனிங் வடிவமைத்த 1892 இருக்கிறது.

கூர்முனைக் குண்டு

குழாயில் ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரில் முட்டிக்கொண்டிருக்கும். தட்டைமுனை மட்டும்.

முதல் ரைஃபிளாக 1860 ஹென்றி

பித்தளை உடம்பு, பார்த்தால் விட மனசு வராது. ஆனால் பக்கவாட்டில் தோட்டா போடும் வாசல் கிடையாது. குழாயின் முன்முனையைத் திருப்பித்தான் நிரப்ப வேண்டும். நிரப்பும்போது ஸ்பிரிங் தள்ளியைக் கைநழுவ விட்டால் அது தோட்டாக்கள் மேல் விசையோடு போய் இடிக்கும். சுடும்போதும் அந்தத் தள்ளியின் காது பேரலுக்கு அடியில் நகர்ந்து வந்து இடது கையில் முட்டும். பாதியில் கையை மாற்றிப் பிடிக்கப் பழக வேண்டும். இரண்டாவது ரைஃபிளாக வாங்குங்கள்.