பழைய பாட்டரி ரேடியோ: முதலில் துணியைக் கீழே வையுங்கள்

போன மாதம் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி பழைய பாட்டரி ரேடியோவைத் தூக்கிக்கொண்டு சாட்ஸ்வர்த்தில் என் வீட்டுக்கு வந்தார். "அண்ணா, புதுசு மாதிரி ஆக்கிட்டேன். எந்த வருஷத்து செட்டுன்னு சொல்லுங்க!" டயல் கண்ணாடி பளபளவென்று இருந்தது. அதில் ஓர் எழுத்துகூட இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. இருபது வருஷத்துக்கு முன் நான் செய்த அதே வேலை.

டயலைத் துடைப்பது

பழைய கண்ணாடி டயல்கள் பலவற்றில் நிலையப் பெயர்களைப் பின்பக்கம்தான் பெயின்டில் அச்சிட்டிருப்பார்கள். வருஷம் ஆக ஆக அந்தப் பெயின்டின் பிடி விட்டுப்போகும். ஈரத்துணி பட்டால் அழுக்கோடு எழுத்தும் வந்துவிடும். என் செட் டோங்காட்டில் கரும்புத் தோட்டத்து வீட்டில் தாத்தா வைத்திருந்தது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தேன். துணியில் மஞ்சளாக ஏதோ வந்தது. அழுக்குதானே என்று இன்னும் அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால் ஒரு மூலையில் ‘மார்க்கெஸ்’ மட்டும் மிச்சம்.

போனது அழகு மட்டும் என்றால் விட்டுவிடலாம். வயதைச் சொல்வதே அந்த எழுத்துகள்தான். ஸ்பிரிங்போக் என்ற தென்னாப்பிரிக்க வானொலியின் பெயர் இருந்தால் அந்த டயல் 1950-க்கு முன்னால் போகாது. அந்த வானொலி தொடங்கியதே 1950 மே 1-ல்தான். மொசாம்பிக்கின் தலைநகரான லோரென்சோ மார்க்கெஸ் இருந்தால் பெரும்பாலும் 1976-க்கு முந்தியது. அந்த ஆண்டில்தான் ஊரின் பெயர் மபுட்டோ ஆனது. என் டயலில் ஸ்பிரிங்போக் இருந்ததா? இருந்தது என்று தெரிந்தால் 1950-க்கு இந்தப் பக்கம் என்றாவது சொல்லலாம். இப்போது யாரைப் போய்க் கேட்பது? தாத்தாவும் இல்லை.

முதலில் போட்டோ எடுங்கள். அப்புறம் முன்பக்கத்தை மட்டும் பஞ்சால் துடையுங்கள். பின்பக்கத் தூசிக்கு மெல்லிய பிரஷ், அதுவும் எழுத்தில் படாமல். தூசி போகவில்லையா? சரி, இருக்கட்டும்.

எல்லாமே ‘டிரான்சிஸ்டர்’

கையில் தூக்க முடிந்தாலே டிரான்சிஸ்டர் என்பது நம் வழக்கம். கடைக்கு வந்த முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ 1954-ல் அமெரிக்காவில் வந்த ரீஜென்சி டிஆர்-1. அதற்கு முன்பே பாட்டரியில் ஓடும் வால்வு செட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். உள்ளே வால்வு, அதாவது கண்ணாடிக் குமிழ், இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கண்டென்சரில் உள்ள தேதி

கண்டென்சர் என்பது மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் சின்ன உறுப்பு. அதில் உள்ள தேதி கண்டென்சரின் வயது, செட்டின் வயது இல்லை. பழுது பார்த்தவர் மாற்றியிருப்பார். ஒன்றை நம்பாதீர்கள், நாலைந்தின் தேதி ஒத்துப்போனால் யோசிக்கலாம்.

பாட்டரியை இடம் மாற்றிக் கொடுப்பது

டிஏஎஃப்91, டிகே91 போன்ற வால்வுகளின் இழைக்கு 1.4 வோல்ட்தான். அதே செட்டில் வேறு வேலைக்கு இருக்கும் 90 வோல்ட் பாட்டரியை அந்த இழைக்குக் கொடுத்தால் நாலு வால்வும் ஒரே நொடியில் போய்விடும்.

பின்மூடிக் காகிதம்

உரிக்காதீர்கள். மாடல் எண் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

அந்தத் தம்பியிடமும் இதைத்தான் கேட்டேன். "ஓ, அந்தப் பழைய பேப்பரா? அசிங்கமா இருந்துச்சுண்ணா, அதையும் சுரண்டி எடுத்துட்டேன்" என்றார்.