முடிந்த கரையைப் பிளந்து குழாய் பதிக்காதீர்கள்

ஓடை அரிப்பைத் தடுக்க முதல்முறை சிறு மண் அணை போடுகிறவர்களுக்கும், கரை மண்ணில் வேரும் சருகும் கலக்கக் கூடாது என்பது தெரிந்தே இருக்கிறது. அதை விடுவோம். 3 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட கரைகளில் திரும்பத் திரும்பக் காண்கிற வேறு தவறுகள் இவை.

அடிவெட்டு இல்லாத கரை

மேல்மண்ணைச் சீவினால் மட்டும் போதாது. கரையின் நடுக்கோட்டில் நீர் புகாத இறுகிய அடிமண் தட்டும்வரை தோண்டி, அதற்குள்ளும் அரை மீட்டர் இறங்கி, களிமண்ணை இட்டு இறுக்க வேண்டும். இல்லையேல் தண்ணீர் கரைக்கு அடியிலேயே போய்விடும்.

குழாயைக் கடைசியில் நினைப்பது

எரிச்சலூட்டும் காட்சி இது. கரை எழும்பி, சரிவும் சீவி முடித்தபின் யாராவது, "தண்ணீரை வடிக்க ஒரு குழாய் வச்சிருக்கலாமே" என்பார். பொக்லைன் திரும்ப வரும். கரைக்குக் குறுக்கே செங்குத்தாக ஒரு பள்ளம், அதில் குழாய், மேலே தள்ளி மூடிய மண். அரைநாளில் வேலை முடிந்துவிடும். அணையும் அதோடு முடிந்த மாதிரிதான்.

செங்குத்துப் பள்ளத்தில் போட்ட மண் சுவர்களைப் பற்றிக்கொண்டு தொங்கும். அடியில் உள்ளது அமிழ அமிழ நடுவில் விரிசல் விடும். உருண்டையான குழாயின் அடிப்பக்கத்தை மண்ணை இறுக்கும் உருளை எட்டாது. அங்கே மண் பொக்காகவே கிடக்கும். தண்ணீர் தேங்கியதும் அந்த இடுக்கில் நூலாக நுழைந்து, வெளிச்சரிவில் எட்டிப்பார்த்து, அங்கிருந்து உள்நோக்கி மண்ணைக் குடைந்தெடுக்கும். கசிவு தெளிவாக இருக்கும்வரை கண்காணிக்கலாம். கலங்கலாக வந்தால் கரை உள்ளிருந்து கரைகிறது. உடனே நீர்மட்டத்தை இறக்குங்கள்.

இன்னும் மோசம், "மெத்தென்று இருக்கட்டும்" என்று குழாய் நெடுகிலும் அடியில் மணல் பரப்புவது. தண்ணீருக்கு நீங்களே பாதை போட்டுக் கொடுக்கிறீர்கள்.

கரைக்கு முன்பே, கலையாத தரையில் குழாயைப் பதியுங்கள். இருபுறமும் சற்றே ஈரமான மண்ணை 10 செ.மீ. அடுக்குகளாக இட்டு, கைத்திமிசால் இடியுங்கள். ஒருபக்கம் மட்டும் ஏற்றினால் குழாய் நகரும். கரையின் வெளிப்பாதியில் குழாயைச் சுற்றிலும் கழுவிய சொரசொரப்பான பருமணலால் 90 செ.மீ. தடிமனில் ஒரு வடிசுவர் வேண்டும். அது குழாய் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு எல்லாப் பக்கமும் நீளட்டும். அதில் சேரும் நீர் கரையடிக்கு வடியவும் வழி விடுங்கள். மண் நகர்வது அங்கே தடைபடும், தண்ணீர் மட்டும் வெளியேறும்.

கலிங்கு

மிகுதி நீர் வழிந்தோடும் வழி கரைமேல் அல்ல. பக்கத்துக் கலையாத நிலத்தில்.

அடுக்கு

கரை மண்ணை ஓர் அடுக்கில் 15 செ.மீ. கனத்துக்கு மேல் போட்டால் அடிப்பாதி இறுகாது. பிடித்த மண் உருண்டையாக நிற்க வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது.

உயரம்

அமிழ்வதற்காக 5 முதல் 10 விழுக்காடு கூட்டிக் கட்டுங்கள்.

மண்ணைச் சோதிக்காமல் ஏற்றுவது

பட்டாணி அளவு கட்டியை மழைநீரில் போட்டு, அசைக்காமல் விடுங்கள். உதிர்ந்து குவிந்தாலும் நீர் தெளிவாக இருந்தால் நல்லது. கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கிப் பரவினால் அந்த மண் தண்ணீர் பட்டதும் கரையும். வேறு இடத்தில் தோண்டுங்கள்.