எங்கள் பெல்லை அழுத்தினால் எதிர் வீட்டில் அடிக்கிறது: ஃப்ளிப்பர் ஸீரோவில் ரிமோட் சிக்னல் படிப்போம்

வயரில்லாத காலிங் பெல் ஒன்று வாங்கி மாட்டினேன். எங்கள் வாசலில் பட்டனை அழுத்தினால் எதிர் வீட்டு அக்காவும் கதவைத் திறக்கிறார். அவர் வீட்டிலும் அதே பெல். மூன்று நாள் சிரித்தோம், நாலாம் நாள் அக்கா சிரிக்கவில்லை. ரிமோட்டுகளின் ரேடியோ சிக்னலைப் படிக்கும் கையடக்கக் கருவியான ஃப்ளிப்பர் ஸீரோவை எடுத்தேன்.

முதலில், உங்கள் ரிமோட் ரேடியோதானா என்று பாருங்கள். செல்ஃபி கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்தும்போது திரையில் ஊதா வெளிச்சம் மினுக்கினால் அது டிவி ரிமோட் போல இன்ஃப்ராரெட். அதற்கு இந்தப் பதிவு உதவாது.

அடுத்தது அலைவரிசை. மெனுவில் சப்-கிகாஹெர்ட்ஸ், அதற்குள் ஃப்ரீக்வென்சி அனலைசர். கருவிக்கு ஒட்டினாற்போல் ரிமோட்டை வைத்து அழுத்துங்கள். எனக்கு 433.92 மெகாஹெர்ட்ஸ் வந்தது. மலிவு ரிமோட்டுகளில் பெரும்பாலும் இதுதான். கடைசி இலக்கம் கொஞ்சம் ஆடும், விட்டுவிடுங்கள்.

இனி ரீட். கான்ஃபிக்கில் அதே அலைவரிசை, மாடுலேஷன் (அலையில் செய்தியை ஏற்றும் முறை) ஏ.எம்.650. இப்போது ரிமோட்டை இரண்டு சாண் தள்ளிப் பிடியுங்கள். அழுத்தியதும் 'பிரின்ஸ்டன் 24 பிட்' என்று ஒரு வரி வந்தது; இந்த வகைக் குறியீட்டைக் கருவி அழைக்கும் பெயர் அது. திறந்தால் கீ, அதாவது பட்டன் அனுப்பும் குறியீடு, 555530. அக்காவிடம் கேட்டு அவர் பட்டனையும் படித்தேன். அதே 555530!

இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். பட்டனுக்குள் இருந்தது 2262 என்ற 18 கால் சிப். அதன் எட்டு முகவரிக் கால்களில் ஒவ்வொன்றும் இரண்டு பிட் அனுப்பும்: தரையோடு (பேட்டரியின் மைனஸ் பக்கம்) இணைத்தால் 00, பாசிட்டிவோடு இணைத்தால் 11, சும்மா விட்டால் 01. எட்டுமே சும்மா கிடந்தால், நாலு நாலு பிட்டாக ஓர் இலக்கமாக்கும் ஹெக்ஸ் முறையில் (0101 என்றால் 5) 5555. மொத்தம் 6,561 முகவரி சாத்தியம், ஆனால் தொழிற்சாலையில் ஒரு காலைக்கூட யாரும் பற்றவைக்கவில்லை. கடைசி 30 மட்டும் பட்டனுக்கானது.

கண்ணால் பார்க்க ஆசையா? 'ரீட் ரா'வில் பதிவு செய்து, மெமரி கார்டில் இருக்கும் கோப்பை நோட்பேடில் திறங்கள். 350 -1050 1050 -350 போல எண்கள் ஓடும். எல்லாம் மைக்ரோ செகண்ட். பிளஸ் என்றால் அலை இருக்கிறது, மைனஸ் என்றால் அமைதி. குட்டை-நீளம் 0, நீளம்-குட்டை 1. மேலே உள்ள நான்கு எண்ணும் சேர்ந்தால் 01, அதாவது சும்மா விட்ட ஒரு கால்.

கார் சாவியில் இதை முயல வேண்டாம். அங்கே ஒவ்வொரு அழுத்தலுக்கும் குறியீடு மாறும். அடுத்தவர் ரிமோட்டை அனுமதியில்லாமல் தொடவே கூடாது.

சரிசெய்தது சுலபம். பட்டனின் பேட்டரியைக் கழற்றி, பெல்லையும் பிளக்கிலிருந்து பிடுங்கி, கெப்பாசிட்டர் இறங்கச் சற்று நேரம் விட்டேன். பட்டனின் சிப்பில் 1-ஆம் காலை 9-ஆம் காலோடு (அதுதான் தரை) சின்ன வயரால் பற்றவைத்தேன். பெல்லுக்குள் குறியீட்டைப் படித்துப் பார்க்கும் ஜோடி சிப்பான 2272-இலும் அதே. ஒரு பக்கம் மட்டும் செய்தால் பெல் ஊமையாகிவிடும். உங்களுடையதில் 1527 என்ற எட்டுக் கால் சிப் இருந்தால் இந்த வழி கிடையாது, அதன் எண் தொழிற்சாலையிலேயே பதிந்தது.

மறுபடி ரீட் போட்டேன்: 155530. அழுத்தினேன், எங்கள் வீட்டில் மட்டும் அடித்தது. அக்கா எட்டிப் பார்க்கவில்லை.