இடமாற்ற உத்தரவு வந்ததும்: ஆட்டிசம் உள்ள குழந்தையுடன் ஊர் மாறும் படைவீரர் குடும்பங்களுக்கு

உத்தரவு கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது பெட்டி கட்டுவதல்ல. புதிய ஊரின் சிகிச்சை மையங்களையும் பள்ளிகளையும் அழைத்து, காத்திருப்போர் பட்டியலில் குழந்தையின் பெயரைச் சேர்ப்பதுதான். பேச்சுப் பயிற்சிக்குப் பல இடங்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதால், ஒரு வாரத் தாமதம்கூடக் குழந்தைக்கு இழப்பே.

மதிப்பீட்டு அறிக்கைகள், குழந்தைக்கென வகுத்த கல்வித் திட்டம், மருந்துச் சீட்டு ஆகியவற்றைச் சாமான் வண்டியில் ஏற்றாமல் கையிலேயே வைத்திருங்கள். எந்தச் சத்தம் குழந்தையைக் கலங்க வைக்கும், எது அமைதிப்படுத்தும் என்பதை இப்போதைய ஆசிரியரிடம் ஒரே பக்கத்தில் எழுதி வாங்குங்கள். தடித்த அறிக்கையைவிட அந்தப் பக்கத்தையே புதிய ஆசிரியர் முதலில் படிப்பார்.

குழந்தைக்குச் சொற்களைவிடப் படங்கள் எளிதில் புரியக்கூடும். புதிய வீடு, அறை, பள்ளி வாசல் ஆகியவற்றின் படங்களை நாள்காட்டியில் ஒட்டி, நாட்களை ஒவ்வொன்றாக அடித்துக் காட்டுங்கள். பணியிலிருக்கும் பெற்றோர் முன்னதாகவே சென்றுவிட்டால், அவர் அங்கிருந்து தினமும் ஒரே நேரத்தில் காணொளியில் பேசுவது பெரிய துணை. போய்ச் சேர்ந்ததும் குழந்தையின் அறையையே முதலில் அமைத்து, பழைய போர்வையைத் துவைக்காமல் அப்படியே விரியுங்கள். அதன் வாசனைதான் அன்றிரவு குழந்தைக்குத் தெரிந்த ஒரே இடம்.

கற்ற திறன்கள் சில வாரங்கள் பின்வாங்கலாம்; இதைப் பள்ளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வெளியே நடந்துவிடும் குழந்தையானால், முதல் இரவுக்கு முன்பே கதவுத் தாழ்களைச் சரிபார்த்து, அருகில் குளமோ கிணறோ உள்ளதா என்று நேரில் பார்த்து, அக்கம்பக்கத்தாரிடம் குழந்தையை அறிமுகப்படுத்துங்கள்.