ஸ்கேன் ஆய்வில் இறங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் மருத்துவப் பட ஆய்வைத் தொடங்கும் மாணவர்களுக்கு உதவி வருகிறேன். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், காப்பு நகல் பற்றியெல்லாம் உங்கள் மேற்பார்வையாளரே சொல்லிவிடுவார். யாரும் எடுத்துச் சொல்லாதவை இவை.

சிடி ஸ்கேன் படத்தை ஜேபெக்காக எடுத்து வருவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. பினாங்கு மாணவி ஒருவர் நுரையீரல் கட்டி ஆய்வுக்காக மாதக்கணக்கில் மருத்துவமனைக்கு அலைந்து படம் சேர்த்தார். "எல்லாம் பென்டிரைவ்ல இருக்குண்ணே" என்று நீட்டினார். திறந்தால் அத்தனையும் ஜேபெக். திரையில் தெரிந்ததை அப்படியே சேமித்திருக்கிறார்.

சிடியில் ஒவ்வொரு புள்ளிக்கும், அந்த இடம் எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் உண்டு: தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000. மருத்துவப் படங்களுக்கென்றே உள்ள டைகாம் கோப்பில் வழக்கமாக 12 பிட், அதாவது 4096 அளவுகள் இருக்கும். சாதாரண ஜேபெக்கில் 256தான். நுரையீரல் தெரியும்படி வைத்துச் சேமித்தால் நெஞ்சின் நடுப்பகுதி வெள்ளையாகிவிடும். எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. ஸ்லைஸின் (ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்தின்) தடிமன், ஒரு புள்ளி எத்தனை மில்லிமீட்டர் என்ற விவரங்களும் போய்விடும். பிறகு கட்டியை எதைக் கொண்டு அளப்பது?

மறுபடி எடுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். சேமிப்பு இடம் போதாத மருத்துவமனைகளில் பழைய மெல்லிய ஸ்லைஸ்களை அழித்துவிடுவார்கள். அங்கேயும் அழித்திருந்தார்கள். வேலை முடிந்த பிறகு மாலையில் உட்கார்ந்து கட்டிகளைக் குறித்துக் கொடுத்த ரேடியாலஜிஸ்ட்டின் உழைப்பும் வீண். அவரைப் போல நேரம் ஒதுக்கித் தருபவர் இன்னொருவர் கிடைப்பது எளிதில்லை.

மருத்துவமனையின் படச் சேமிப்பு அமைப்பான பேக்ஸைக் கவனிக்கும் ரேடியோகிராஃபரிடம் முதல் நாளே கேளுங்கள்: டைகாமாகவே வேண்டும், மெல்லிய ஸ்லைஸும் வேண்டும். முதல் நோயாளியின் கோப்பு கைக்கு வந்ததும் திறந்து சரிபாருங்கள். நூறு பேர் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஐ.சி. (மலேசிய அடையாள அட்டை) எண்ணைக் கோப்புப் பெயராக வைப்பது

கூடவே கூடாது. 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்று காட்டிவிடும். அல்ட்ராசவுண்டில் பெயர் படத்தின் மேலேயே பதிந்திருக்கும். கோப்புக்குள் நோயாளி விவரம் இருக்கும் டேகை நீக்கினால் மட்டும் போதாது, அந்த இடத்தையும் மறைக்க வேண்டும்.

ஒரே நோயாளியின் படங்களைப் பயிற்சியிலும் சோதனையிலும் கலப்பது

கணினி மாடலுக்குப் பயிற்சி தரும் படங்களையும் அதைச் சோதிக்கும் படங்களையும் நோயாளி வாரியாகப் பிரியுங்கள்.

வெளிநாட்டுப் படங்களை மட்டும் நம்புவது

அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகம் 2017இல் வெளியிட்ட 112,120 நெஞ்சு எக்ஸ்ரே படங்களைத்தான் பலரும் முதலில் பதிவிறக்குகிறார்கள். அதிலுள்ள 14 நோய்க் குறிப்புகளில் காசநோய் இல்லை. மலேசியாவில் காசநோய் இன்னும் ஒழியவில்லை. அந்தப் படங்களில் பழகிய மாடல் இங்கே எடுத்த படங்களில் எப்படி நடந்துகொள்கிறது என்று சோதிக்காமல், நம் மருத்துவர்கள் கையில் அதைக் கொடுக்காதீர்கள்.